ஒன்று புள்ளி ஆறு இரண்டு

ஜனவரி 12, ஞாயிறு

பத்து நாள் படுத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். படுத்திருப்பது எனக்கு ஆகாத வேலை. அதனால் பாபின் கம்பெனிக்காரர்கள் மில்லுக்குக் கொடுத்த டைரியைக் கையில் எடுத்தேன். லேபில் இருந்தால் நாள் முழுக்க நூலின் ரீடிங்கை எழுதிக்கொண்டிருப்பேன். எழுதாமல் இருந்தால் கை சும்மா இருப்பதில்லை.

எழுத வேண்டியதை முதலில் எழுதிவிடுகிறேன். போன திங்கள்கிழமை, ஆறாம் தேதி, பதினோராவது வாரத்தில் போய்விட்டது. போன வருஷம் ஒன்பதாவது வாரத்தில் போனது. ஆஸ்பத்திரி அட்டையில் பிரசவத் தேதி ஜூலை 28 என்று போட்டுக் கொடுத்திருந்தார்கள். அட்டையை பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர், மாமா, ராய்ப்பூர் பக்கம் இருக்கிறார். திருச்செங்கோட்டில் வீட்டுக்கு ஒருவர் போல அவரும் போர்வெல் வண்டியில்தான், டிரில்லராக இருக்கிறார். தீபாவளி முடிந்து கிளம்பினால் வடக்கே மழை பிடிக்கிற ஜூனில்தான் வண்டி ஊர் திரும்பும். சேதி கேட்டு ரயிலேறி வந்தார். இரண்டு நாள் இருந்தார். பால் காய்ச்சிக் கொடுத்தார், தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் பூட்டினார், தன் அம்மாவுக்கு மாத்திரை வாங்கி வைத்தார். போனதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசினால் என்ன, திரும்பி வந்துவிடவா போகிறது?

நான் அழவில்லை. அத்தைதான் அழுதார்கள்.

ஜனவரி 23, வியாழன்

மில்லுக்குப் போய்விட்டேன். லேபில் நுழைந்ததும், கூட வேலை செய்கிற தனசேகர், “ரீடெஸ்ட் கோகிலா வந்தாச்சு, இனி ஒரு கோனும் தப்பிக்காது” என்றார். அது எனக்கு வைத்த பட்டப்பெயர். நூல் சுற்றிய ஒரு கோனில் கனம் தப்பாக வந்தால் உடனே மொத்த லாட்டையும் தள்ளிவிடுவது சூப்பர்வைசர்களுக்குப் பழக்கம். நான் விடமாட்டேன். வேறு நான்கு கோன் எடு, வேறு தராசில் வை, அறையில் ஈரம் எவ்வளவு என்று பார், அப்புறம் பேசு என்பேன். பத்து வருஷத்தில் நான் தள்ளிய எந்த லாட்டும் நல்ல லாட்டாக இருந்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

சாயங்காலம் கால் கடுத்தது. பஸ்ஸுக்கு நிற்க முடியவில்லை. தனசேகர் பைக்கில் கொண்டுவந்து விட்டார். வாசலில் இறங்கும்போது மாமா வீடியோ காலில் வந்தார்.

“இன்னைக்கும் அவருதான் கொண்டாந்து விட்டாராக்கு?”

“ஆமாங்க மாமா. கால் வலிங்க.”

“சரி, சரி. உக்காரு மொதல்ல.”

வெறுமனேதான் கேட்டார்.

ஜனவரி 29, புதன்

இரண்டு முறை தங்காததால் ரத்தத்தில் ஒரு கட்டு டெஸ்ட் எடுத்திருந்தார்கள். இன்று ரிப்போர்ட் வந்தது. பத்து வரி. ஒன்பது வரி சாதாரண எழுத்து. ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்: ஹெர்பிஸ் இரண்டாம் வகை, பாசிட்டிவ், 1.62. ஓரத்தில் சின்னதாக, 1.10க்கு மேல் பாசிட்டிவ்.

டாக்டரம்மா வெளியே இருந்த கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“இது புருஷன் பொண்டாட்டி உறவுல வர்ற தொத்தும்மா. உங்க வீட்டுக்காரர் வெளியூர்லயா இருக்காரு?”

“ஆமாங்க. போர்வெல் வண்டிங்க. வடக்க.”

“ஓ” என்றார்.

அந்த ஓவுக்குப் பிறகு அவர் எழுதிய மாத்திரை எதுவும் எனக்குக் கண்ணில் ஏறவில்லை. இரண்டு பேரும் சாப்பிடணும் என்றார். நர்ஸ் சீட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து 1.62, 1.10 என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். எண் பொய் சொல்லாது. என் பிழைப்பே அதுதான்.

பிப்ரவரி 3, திங்கள்

ஐந்து நாள் யோசித்துவிட்டு மாமாவிடம் சொன்னேன். கத்தவில்லை. ரிப்போர்ட்டில் இருப்பதை இருக்கிறபடி படித்தேன். பின்னால் கம்ப்ரசர் சத்தம். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டார்.

“இது எப்படி வருமாம்?”

“உங்களுக்குத் தெரியாதுங்களா?”

பிறகு, “ரிப்போர்ட்டை போட்டோ புடிச்சு அனுப்பு கண்ணு” என்றார்.

நான் எதிர்பார்த்தது வேறு. சத்தியம் செய்வார், சண்டை போடுவார், அழுவார் என்று நினைத்தேன். போட்டோ கேட்கிறார். மடியில் கனமில்லாதவர் இப்படியா பேசுவார்?

பிப்ரவரி 6, வியாழன்

இன்றைக்கு நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. ஏதோ தொற்று என்று மட்டும் அத்தையிடம் சொல்லியிருந்தேன். அத்தை ரிப்போர்ட்டைப் பக்கத்து வீட்டு காலேஜ் பெண்ணிடம் காட்டியிருக்கிறார்கள். அவள் போனில் தேடி, ஹெர்பிஸ் என்றால் அக்கி என்று சொல்லிவிட்டாள். அத்தைக்கு உயிர் வந்தது. அக்கி என்றால், பானை செய்கிற குலத்து வேளாரிடம் சொல்லிக் கொப்புளத்தின்மேல் காவியால் எழுதிக்கொண்டால் தீர்ந்தது.

வேளார் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரியை இறக்கிவிட்டு வந்து கை கழுவினார். கொட்டாங்குச்சியில் காவியைக் குழைத்தார், கோழி இறகை எடுத்தார்.

“எந்த எடம் அம்மிணி, காட்டு.”

“என்னத்தைங்க?”

“புண்ணைத்தான்.”

“புண்ணு இல்லீங்க.”

“எங்கயும் இல்லியா? எரிச்சல்? கொப்புளம்?”

“எப்பவும் வந்ததில்லீங்க. ரத்தத்துல இருக்குதாம்.”

அவர் இறகைக் கீழே வைத்துவிட்டார். “இல்லாததுக்கு நான் எழுத மாட்டனுங்க. எழுதுனா அதுவே வந்து ஒக்காந்துக்கும்.” அத்தை எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்கள். தட்சிணையைக்கூட வாங்காமல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

படிக்காத மனுஷன், அவருக்கென்ன தெரியும் என்று அத்தையைச் சமாதானம் செய்தேன்.

பிப்ரவரி 15, சனி

பள்ளிபாளையத்தில் பூபதி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று சேலை, இந்த டைரி, அந்த ரிப்போர்ட். அண்ணனிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை. சொல்லியாகிவிட்டது.

மாமா தினம் கூப்பிடுகிறார். எடுப்பதில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

வண்டிக்கு ஏதோ சாமான் வாங்க மாமா நான்கு நாள் ஊருக்கு வந்திருக்கிறார். அண்ணன் என்னையும் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு திருச்செங்கோட்டு வீட்டுக்குப் போனார். அத்தை எல்லோருக்கும் காப்பி வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். காப்பியை யாரும் தொடவில்லை.

அண்ணன் ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தார்.

“மாப்ள, நான் சுத்தி வளைச்சுப் பேச வரலீங்க. இது சும்மா வர்ற சீக்கு இல்லைன்னு டாக்டரே சொல்லிப்போட்டாங்க. ஒண்ணு நீங்க. இல்லைன்னா எங்க பொண்ணு. ரெண்டுல ஒண்ணைச் சொல்லிப்போடுங்க, நாங்க போயிர்றோம்.”

மாமா ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் அவர் பார்ப்பது தெரிந்தது. கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. தப்புச் செய்தவர்கள் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

“நாந்தானுங்க” என்றார். “அவள ஒண்ணும் சொல்லாதீங்க.”

அண்ணன் எழுந்து அவர் சட்டையைப் பிடித்தார். பெரியப்பா விலக்கிவிட்டார். மாமா கையைத் தூக்கக்கூட இல்லை. வண்டி முதலாளி எங்கள் பெரியப்பாவுக்குச் சொந்தக்காரர். நாளைக்கு ராய்ப்பூர் வரைக்கும் இது போய்ச் சேர்ந்துவிடும்.

போகட்டும். எண் சொன்னதை அவர் வாயும் சொல்லிவிட்டது. இதைவிட என்ன ஊர்ஜிதம் வேண்டும்?

பிப்ரவரி 24, திங்கள்

40ஆம் நம்பர் நூல், மூன்று லாட். எல்லாம் சரி.

மார்ச் 9, ஞாயிறு

மாமாவிடமிருந்து வீடியோ வந்தது. எங்கே போர் போட்டுத் தண்ணீர் வந்தாலும் எனக்கு வீடியோ அனுப்புவார், கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். சேறும் புகையுமாக முதலில் ஒரு பொங்கல், அப்புறம் தெளிந்து வெள்ளையாகப் பீச்சியடிக்கும். ஊர்ச் சனம் கைதட்டும். முன்பெல்லாம் கீழே ‘தண்ணி வந்திருச்சு கண்ணு’ என்று எழுதுவார். இப்போது ஒன்றும் எழுதுவதில்லை, வீடியோ மட்டும்.

வெட்கமில்லாத மனுஷன். இரண்டு தரம் பார்த்தேன்.

மார்ச் 21, வெள்ளி

லேபில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்கவில்லை. நான் குடித்த டம்ளரைச் சாந்தியக்கா தனியாகக் கவிழ்த்து வைத்தாள். தனசேகர் பைக்கில் ஏறச் சொல்வதில்லை, அதுவும் நல்லதுதான். குளியலறையில் போய் நின்றேன். பஞ்சுத் தூசி கண்ணில் விழுந்துவிட்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு

முதுகிலும் அக்குளிலும் சின்னச் சின்னக் கொப்புளம். அண்ணிக்குத் தெரியாமல் கண்ணாடியில் பார்த்தேன். வந்துவிட்டது. அந்த வேளார் இருந்தால் இப்போது எழுதியிருப்பார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈரோட்டில் தோல் டாக்டர், பெயர் ஷகீலா. அறுபது வயசிருக்கும். முதுகைப் பார்த்துவிட்டு, “இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? வேர்க்குரும்மா. பவுடர் போடுங்க, பருத்தித் துணி போடுங்க” என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படித்துவிட்டு, வெளியே இருந்த ஆளைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார்.

“இதுக்கு முன்னால எப்பவாவது புண்ணு வந்துச்சா?”

“இல்லீங்க.”

“எதுவுமே இல்லாதவங்களுக்கு இந்த டெஸ்ட்டை எடுக்கறதே சரியில்லம்மா. ஒண்ணு புள்ளி ஒண்ணுக்கு மேல பாசிட்டிவ்னு அச்சடிச்சிருக்கு, வாஸ்தவம். ஆனா மூணு, மூணரை வரைக்கும் வர்ற நம்பரை அப்படியே நம்பக் கூடாது. இந்த அளவுல வர்றதுல ஏகப்பட்டது பொய்யாப் போகும். உடம்பு வேற எதுக்கோ உண்டாக்கின எதிர்ப்பைப் பாத்துட்டு மெசின் இதுன்னு எடுத்துக்கும்.”

“அப்ப எனக்கு இல்லீங்களா?”

“இருக்குன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. வேற முறையில ஒரு டெஸ்ட் இருக்கு. அதைப் பாத்துட்டுத்தான் நான் வாயைத் திறப்பேன். இன்னொண்ணு. இது நெஜமாவே இருந்தாலும், எப்ப வந்துச்சு, யாருகிட்டருந்து வந்துச்சுன்னு எந்த ரத்தமும் சொல்லாது. வருஷக்கணக்குல சத்தமில்லாம கிடக்கும். கரு தங்காததுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க.”

பிறகு, “என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார்.

“மில்லுல நூல் டெஸ்டிங்குங்க.”

“ஒரு ரீடிங்கை வெச்சு ஒரு லோடைத் திருப்பி அனுப்புவீங்களா?”

“மாட்டனுங்க” என்றேன்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியூர் லேபுக்கு அனுப்புவார்களாம், மூன்று வாரம் ஆகுமாம். ரொட்டிக் கடை பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மே 4, ஞாயிறு

வீடியோ வந்தது. தண்ணீர் நன்றாக வந்திருக்கிறது, நாலு இன்ச் இருக்கும்.

மே 15, வியாழன்

இல்லை. இரண்டாம் வகை ஹெர்பிஸ் இல்லவே இல்லை. ஷகீலா டாக்டர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“அவரு நவம்பர்ல போனாருன்னீங்க. அப்ப வந்திருந்தா இந்த ஆறு மாசத்துல நல்லாவே தெரிஞ்சிருக்கும். மொதல் ரிப்போர்ட் தப்பு. வீட்டுக்காரருக்குச் சொல்லிடுங்க.”

“சொல்றனுங்க” என்றேன். சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? எனக்கு நோய் வரவில்லை, அவ்வளவுதான். அவர் தன் வாயால் நாந்தான் என்றார், நான் காதால் கேட்டேன். டெஸ்ட் தப்பானால் செய்ததும் இல்லை என்றாகிவிடுமா? அவர் பாட்டுக்கு மாட்டாமல் இருந்திருப்பார், தப்பான ரிப்போர்ட் அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. இப்படித்தான் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

அத்தைக்கு வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. போன் செய்து, “நீ வரோணும்னு சொல்லல கண்ணு, சொல்லிப்போடலாம்னு கூப்பிட்டேன்” என்றார்கள். அண்ணன் முறைத்தார். நான் கிளம்பிவிட்டேன். வண்டியும் ஊருக்கு வந்துவிட்டதாம், வடக்கே மழை. மாமா பகலெல்லாம் ஷெட்டில்தான் இருக்கிறாராம்.

வீடு வீடாக இல்லை. கழுவாத பாத்திரம், மூலையில் மாமாவின் ஏழு மாதத்து அழுக்குத் துணி ஒரு மூட்டை. நாளைக்குத் துவைக்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

துவைத்தேன்.

காக்கிச் சட்டைப் பாக்கெட்டில் ஒரு தாள் மடித்து இருந்தது. கிரீஸ் கறை. ராய்ப்பூர் லேப் ஒன்றின் பெயர். மாமாவின் பெயர்: செங்கோட்டுவேல், ஆண், வயது 36. ஹெர்பிஸ் இரண்டாம் வகை, 0.21, நெகடிவ்.

தேதி பிப்ரவரி 8.

நான் போனில் சொன்னது பிப்ரவரி 3. அண்ணன் சட்டையைப் பிடித்தது பிப்ரவரி 23. சோப்புக் கையோடு கல்லின்மேல் உட்கார்ந்து இந்த மூன்று தேதிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். பதினைந்து நாளாகத் தெரியும். அந்தத் தாளைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் நாந்தான் என்றாரா?

தனக்கு இல்லை, எனக்கு இருக்கிறது என்றால், அவர் என்னவென்று நினைத்திருப்பார்? தனசேகரின் பைக். ‘இன்னைக்கும் அவருதான் கொண்டாந்து விட்டாராக்கு?’ வெறுமனே கேட்கவில்லை.

அன்று என்னை அப்படிப் பார்த்தாரே, அது மாட்டிக்கொண்டவர் பார்வை இல்லை. நான் பார்க்கவே இல்லை, ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் காப்பாற்றலாமா என்று யோசித்திருக்கிறார். காப்பாற்றியும் விட்டார்.

இன்று பஞ்சுத் தூசி என்று எழுத முடியாது. அழுதேன். அத்தை உள்ளேயிருந்து, “என்னாச்சு கண்ணு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

ஷெட்டுக்குப் போனேன். வண்டிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். என் செருப்பைப் பார்த்ததுமே வெளியே வந்துவிட்டார். இளைத்திருந்தார்.

தாளை நீட்டினேன். “இது என்னுங்க மாமா?”

“எங்க இருந்துச்சு?”

“காக்கிச் சட்டையில.”

“தூக்கிப் போட்டுட்டன்னு நெனச்சிருந்தேன்.”

“உங்களுக்கு இல்லைன்னு தெரிஞ்சும் ஏனுங்க நாந்தான்னு சொன்னீங்க?”

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “உங்கண்ணன் ரெண்டுல ஒண்ணைச் சொல்லச் சொன்னாரு. இன்னொண்ணைச் சொல்லியிருக்கோணுங்கறயா?”

மே மாதம் வந்த என் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். கறை படக் கூடாதென்று பஞ்சு வேஸ்ட்டில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கினார். வரி வரியாகப் படித்தார்.

“எனக்கும் இல்லீங்க மாமா. எப்பவுமே இருந்ததில்லீங்க. மொதல்ல வந்தது தப்பு ரீடிங்குங்க.”

தாளை முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் வைத்தார். என் தலையைத் தொட்டார். அவ்வளவு பிரியமாக அவர் என்னைத் தொட்டு எத்தனையோ மாதமாகிறது.

“சரி கண்ணு. இல்லைன்னே வெச்சுக்கலாம்.”

“வெச்சுக்கறது இல்லீங்க மாமா. நெஜமாவே இல்லீங்க.”

“எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. அன்னைக்குத் திரும்பிப் போன ரயில்லயே நான் அதை வுட்டுட்டேன். கொழந்தை போன வருத்தத்துல மனசு எங்கெங்கயோ போகும், நானும் பக்கத்துல இல்ல. இனி அந்தப் பேச்சு வேண்டாம். நீ சாப்பிட்டயா?”

அவர் என்னை மன்னித்துவிட்டார், நான் செய்யாத ஒன்றுக்காக. கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. கோபப்பட என்ன தகுதி இருக்கிறது? ஒரு கோனுக்கு நாலு தடவை ரீடிங் எடுக்கிறவள், இவருக்கு இரண்டாவது ரீடிங் எடுக்கவில்லை. நான் நம்பாமல் தள்ளினேன், அவர் நம்பாமல் சேர்த்துக்கொள்கிறார். இரண்டில் எது பெரிய வலி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“நாளான்னிக்கு எங்கூட டாக்டர்கிட்ட வருவீங்களா?” என்று கேட்டேன்.

“நீ கூப்பிட்டா எங்கயும் வருவேன்” என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

ஷகீலா டாக்டர் மூன்று தாள்களையும் மேஜையில் பரப்பி, எனக்குச் சொன்னதை அவருக்கும் சொன்னார். மாமா பள்ளிக்கூடப் பையன் மாதிரி கை கட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

“இந்த ரெண்டாவது டெஸ்ட்டை, சொல்லி வெச்சு மாத்தி வாங்க முடியுங்களா டாக்டர்?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். கல்யாணமான ஏழு வருஷத்தில் அவர் என்னைப் பற்றி அடுத்தவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“முடியாது தம்பி. நாந்தான் அனுப்பினேன், எனக்குத்தான் நேரா வந்துச்சு. இந்தப் பொண்ணுக்கு எந்தத் தொத்தும் இல்ல. உங்களுக்கும் இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தப்பு நம்பர் வந்துருச்சு, அவ்வளவுதான்.”

பைக்கில் திரும்பினோம். வாய்க்கால் பாலம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய்க் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சு மாசம் கண்ணு” என்றார். “வண்டியில பசங்க கேலி பேசுனப்பக்கூட எனக்கு வலிக்கல. எம்பொண்டாட்டி தப்பே பண்ணியிருந்தாலும் நான் தாங்கிக்கிட்டேன்னு எனக்குள்ள ஒரு பெருமை இருந்துச்சு. அந்தப் பெருமையிலதான் சோறு இறங்குச்சு.” அப்புறம் முகத்தை மூடிக்கொண்டார். “உன்னை நெனச்சுட்டனே. உன்னைப் போயி அப்படி நெனச்சுட்டனே.”

“நானும் நெனச்சனுங்க மாமா. நீங்களாவது மன்னிச்சீங்க. நான் அதுகூடப் பண்ணலீங்க.”

யார் முதலில் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

ஜூன் 29, ஞாயிறு

அண்ணன் வீட்டிலிருந்து சேலைகளை எடுத்து வந்தேன். அண்ணன் இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்தார். நான் பஸ் ஏறும்வரை கூடவே நின்றார். மாமாவிடம் வந்து பேசுவாரா என்று தெரியவில்லை. ராய்ப்பூர் வரைக்கும் போன பேச்சை யார் போய்த் திருப்பிக் கொண்டுவருவது?

ஜூலை 10, வியாழன்

ஒரே வீட்டில் இருக்கிறோம். ரொம்ப மரியாதையாக நடந்துகொள்கிறோம். டம்ளரை வைக்கும்போதுகூடச் சத்தம் வராமல் வைக்கிறோம். மில்லிலிருந்து பஸ்ஸில்தான் வருகிறேன். அவர் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன், பஸ்ஸில் வந்தேன் என்று. சொன்னதும் இரண்டு பேருக்கும் சங்கடமாகிவிடுகிறது.

ஜூலை 28, திங்கள்

காலையில் மில்லுக்குப் போன் செய்து லீவு சொன்னேன். காரணம் சொல்லவில்லை. மாமா ஷெட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். சட்டை போட்டுக்கொண்டு வந்தார், வாசல் வரை போனார், திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார்.

நான் பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்தேன். இந்தப் பிரசவத் தேதியை யாரிடமும் சொன்னதாக எனக்கு நினைவில்லை, இந்த டைரியைத் தவிர. அவர் பின்னால் வந்து நின்றார்.

“இன்னைக்குத்தானே கண்ணு?” என்றார்.

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“நவம்பர் கடைசியில, டாக்டரைப் பாத்துட்டு வந்து போன்ல சொன்னயே. வண்டிக் கதவுல உளியால செதுக்கி வெச்சிருக்கறேன்.”

அட்டையைக் கட்டிலில் எங்களுக்கு நடுவில் வைத்தோம். ஜனவரியில் அழ வேண்டியது. அப்போது அவர் மோட்டாரைப் பிரித்தார், நான் டைரி எழுதினேன், அப்புறம் அந்த எண் வந்தது. அது வந்தபின் எங்கள் பிள்ளையை நாங்கள் இரண்டு பேரும் மறந்தே போனோம். இன்று அழுதோம். அத்தை வந்து எட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள்.